இணையத்தில் தமிழ் ஏற்றும் தொழில்: நம் பிள்ளைகளுக்கு இடம் உண்டா?

கட்கி அம்யூனிஷன் பாக்டரியில் ஷிப்ட் முடிந்து வீடு திரும்பும் தமிழர் கையில் ஒரு தமிழ்ப் பத்திரிகை இருக்கும். வீட்டில் உட்கார்ந்திருக்கும் மகன் கையில் ஒரு செல்போன் இருக்கும். தகப்பனாருக்குத் தமிழ் சரளமாகப் படிக்க வரும். ஆனால் போனில் நாலு வார்த்தை தமிழில் அடிக்கச் சொன்னால் விழிப்பார். மகனுக்குப் போனில் வராத வித்தை இல்லை. ஆனால் தமிழ்ப் பத்திரிகையின் தலைப்பைக் கூட அவனால் படிக்க முடியாது. அவன் படித்தது மராத்தி மீடியம் அல்லது இங்கிலீஷ் மீடியம்.

கட்கியில் மட்டுமல்ல, தேஹு ரோட்டிலும் கேம்பிலும் ராஸ்தா பேட்டையிலும் இதே காட்சிதான். தகப்பனாருக்குத் தெரிந்ததையும் மகனுக்குத் தெரிந்ததையும் ஒரே ஆளிடம் சேர்த்துவிட்டால் அது இன்று ஓர் உத்தியோகம். இணையத்தில் தமிழை ஏற்றி, அது கெடாமல் பார்த்துக்கொள்ளும் உத்தியோகம் அது.

"கம்ப்யூட்டர் வேலை என்றால் என்ஜினீயர் பட்டம் வேண்டும், ஹிஞ்சவடியில் கண்ணாடிக் கட்டடத்தில் உட்கார வேண்டும்" என்று பலர் நினைக்கிறார்கள். ஓரளவு உண்மைதான். ஆனால் இந்தத் தொழில் முழுவதும் அப்படி அல்ல. இதில் அச்சுக் கோர்ப்பவருக்கு இடம் உண்டு. பிழை திருத்துபவருக்கு இடம் உண்டு. கணக்காகக் கோப்பு வைக்கத் தெரிந்த குமாஸ்தாவுக்கும் இடம் உண்டு. பழைய அச்சகத்தின் வேலைகள்தான் புதுப் பெயர்களில் வந்திருக்கின்றன.

பூனாவின் பங்கு

இந்தத் தொழிலின் அஸ்திவாரக் கற்களில் ஒன்று நாம் பிழைக்க வந்த இந்த ஊரிலேயே இருக்கிறது என்பது நம்மவர்களில் பலருக்குத் தெரியாது.

அமெரிக்கா தன்னுடைய சூப்பர் கம்ப்யூட்டரை இந்தியாவுக்குத் தர மறுத்த பிறகு, சொந்தமாக ஒன்றைச் செய்வது என்று இந்திய அரசு முடிவு செய்தது. அதற்காக 1988-ல் பூனாவில் அமைக்கப்பட்டதுதான் 'சி-டாக்' நிறுவனம். டாக்டர் விஜய் பட்கர் தலைமையில் அங்கே 'பரம் 8000' என்ற சூப்பர் கம்ப்யூட்டர் 1991-ல் உருவானது. பத்திரிகைகள் அதைக் கொண்டாடின.

ஆனால் அதே நிறுவனத்தில் இன்னொரு வேலையும் நடந்து வந்தது. அதற்கு 'ஜிஸ்ட்' என்று பெயர். கான்பூர் ஐ.ஐ.டி.யில் தொடங்கிய முயற்சி அது. மோகன் தாம்பே முதலியவர்களின் உழைப்பில் வளர்ந்து பூனாவுக்கு வந்து சேர்ந்தது. அந்தக் காலத்துக் கம்ப்யூட்டருக்கு இங்கிலீஷைத் தவிர வேறு எழுத்து தெரியாது. 'ஜிஸ்ட்' அட்டை ஒன்றை அதற்குள் செருகினால், அதே கம்ப்யூட்டர் மராத்தி, இந்தி, தமிழ் என்று இந்திய எழுத்துகளைத் திரையில் காட்டியது.

இதனோடு சேர்ந்து வளர்ந்ததுதான் 'இஸ்கி' என்ற இந்திய எழுத்துக் குறியீட்டு முறை. 1991-ல் இந்திய தர நிர்ணய அமைப்பு இதை ஏற்றுக்கொண்டது. தேவநாகரி, வங்காளி, குஜராத்தி, தெலுங்கு, கன்னடம், மலையாளம், தமிழ் முதலிய எழுத்துகளுக்கெல்லாம் ஒரே திட்டம். விசைப்பலகையும் ஒன்றுதான். மராத்தியில் 'க' எந்த விசையில் இருக்கிறதோ, அதே விசையில்தான் தமிழ் 'க'வும் இருக்கும். 'ப', 'த', 'ர' எல்லாம் அப்படியே. இந்தப் பலகையில் மராத்தி அடிக்கப் பழகிய விரல்கள் தமிழ் அடிக்கப் புதிதாகப் பயிற்சி எடுக்க வேண்டியது அதிகம் இல்லை. பூனாவில் வளரும் தமிழ்ப் பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய சௌகரியம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அச்சுத் துறையிலும் பூனாவுக்குப் பங்கு உண்டு. இங்குள்ள மாடுலர் இன்போடெக் கம்பெனியின் 'ஸ்ரீலிபி' மென்பொருளைத் தமிழ்நாட்டு அச்சகங்களும் வாங்கிப் பயன்படுத்தின. ஊரிலிருந்து தபாலில் வந்த கல்யாணப் பத்திரிகைகளில் சில, பூனாவில் வடிவமைத்த எழுத்தில் அச்சானவையாகவும் இருக்கலாம்!

ஸ்டேஷன் குறியீடு மாதிரி

எழுத்துக் குறியீடு என்றால் என்ன என்பதை ரயில்வே உதாரணத்தில் சொன்னால் எளிதாக விளங்கும். ரயில்வேயில் ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் ஒரு குறியீடு உண்டு. சென்னை சென்ட்ரலுக்கு 'எம்.ஏ.எஸ்.' மதராஸ் 1996-ல் சென்னை ஆயிற்று. 2019-ல் ஸ்டேஷனுக்கு எம்.ஜி.ஆர். பெயர் சூட்டப்பட்டது. ஆனால் 'எம்.ஏ.எஸ்.' மாறவில்லை. பார்சல் எங்கிருந்து புறப்பட்டாலும் சரியாகப் போய்ச் சேருகிறது. ஒவ்வொரு ஊர்க்காரரும் தன் இஷ்டத்துக்கு ஒரு குறியீடு வைத்துக்கொண்டிருந்தால் என்ன ஆகும்?

தமிழுக்கு இணையத்தில் ஆரம்பத்தில் நேர்ந்தது அதுதான். 1990-களின் பிற்பகுதியில் தமிழ்ப் பத்திரிகைகள் ஒன்றன்பின் ஒன்றாக இணையத்துக்கு வந்தன. ஆனால் ஒவ்வொரு பத்திரிகையும் தனக்கென்று ஓர் எழுத்துரு வைத்திருந்தது. ஒருவருடைய 'அ' இருந்த எண்ணில் இன்னொருவர் வேறு எழுத்தை வைத்திருந்தார். அந்தப் பத்திரிகையின் எழுத்துருவைத் தனியாக இறக்கிக்கொள்ளாதவருக்குத் திரையில் தெரிந்ததெல்லாம் கோணல்மாணலான குறிகள்தான். கட்டுரையைத் தேடவும் முடியாது. நண்பருக்கு அனுப்பினால் அவரால் படிக்கவும் முடியாது.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க 1997-ல் சிங்கப்பூரிலும் 1999-ல் சென்னையிலும் மாநாடுகள் நடந்தன. சென்னை மாநாட்டையொட்டித் தமிழக அரசு 'தமிழ் 99' என்ற விசைப்பலகையையும் எழுத்துரு தரங்களையும் அறிவித்தது. கடைசியில் உலகம் முழுவதற்கும் பொதுவாக நிலைத்தது 'யூனிகோடு' முறை. அதன் முதல் பதிப்பு 1991-ல் வந்தது. அதில் இந்திய மொழிகளுக்கான ஏற்பாடு, 'இஸ்கி'யின் 1988-ஆம் ஆண்டு வடிவத்தை அடிப்படையாகக் கொண்டது. அந்த முறையில் தமிழ் 'அ'வின் எண் 2949. 'க'வின் எண் 2965. கட்கியில் அடித்தாலும் கனடாவில் அடித்தாலும் அதே எண்தான்.

இதில் தமிழறிஞர்களுக்கு மனக்குறை இல்லாமல் இல்லை. தமிழில் எழுத்துகள் 247. ஆனால் யூனிகோடில் 'கா' என்பது ஓர் எழுத்தல்ல. 'க'வும் துணைக்காலுமாக இரண்டு எண்கள். தேவநாகரியை மனத்தில் வைத்துப் போட்ட திட்டத்தில் தமிழைப் பொருத்திவிட்டார்கள் என்பது அவர்கள் வாதம். ஒவ்வொரு எழுத்துக்கும் தனி எண் தரும் 'டேஸ் 16' என்ற முறையும் உருவானது. 2010-ல் தமிழக அரசு யூனிகோடு, டேஸ் 16 இரண்டையுமே தரமாக அறிவித்தது. ஆனால் செல்போனிலும் கம்ப்யூட்டரிலும் இன்று நடைமுறையில் இருப்பது யூனிகோடுதான்.

வெளியூர்த் தமிழர் போட்ட பாதை

இந்தக் கதையில் நம்மைப் போன்றவர்கள் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. தமிழ் எழுத்து புதிய சாதனம் ஒன்றில் ஏறிய பல சமயங்களில், அந்த வேலையைச் செய்தவர்கள் தமிழ்நாட்டுக்கு வெளியே இருந்தவர்கள்.

இந்திய மொழிகளில் முதலில் அச்சேறியது தமிழ். 1578-ல் 'தம்பிரான் வணக்கம்' அச்சான இடம் கொல்லம். 1995-ல் சிங்கப்பூர்க் கவிதைகளை நான்கு மொழிகளில் இணையத்தில் ஏற்றியபோது, அவற்றில் ஒன்றாகத் தமிழையும் ஏற வைத்தவர் நா. கோவிந்தசாமி. அவர் சிங்கப்பூரில் ஆசிரியர் பயிற்சித் துறையில் விரிவுரையாளர், எழுத்தாளர். 'முரசு அஞ்சல்' மென்பொருளைத் தந்த முத்து நெடுமாறன் மலேசியத் தமிழர்.

1998 பொங்கலன்று 'மதுரைத் திட்டம்' தொடங்கியது. பெயர்தான் மதுரை, அதைத் தொடங்கிய டாக்டர் கு. கல்யாணசுந்தரம் இருந்தது சுவிட்சர்லாந்தில் உள்ள லோசான் நகரில். அவர் தொழிலால் ரசாயன விஞ்ஞானி. பல நாடுகளில் இருந்த தமிழர்கள், வேலை முடிந்து வந்த பிறகு இரவில் உட்கார்ந்து பழைய இலக்கியங்களைத் தட்டச்சு செய்தார்கள். வேறு சிலர் பிழை திருத்தினார்கள். சம்பளம் கிடையாது. இன்று சங்க இலக்கியம் முதல் பல நூல்களை யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கலாம்.

2003-ல் தொடங்கிய தமிழ் விக்கிபீடியாவின் கதையும் அப்படித்தான். அதற்கு ஆரம்பத்தில் உருவம் கொடுத்தவர் இ. மயூரநாதன். யாழ்ப்பாணத்தில் பிறந்தவர், கட்டடக் கலைஞராக ஐக்கிய அரபு நாட்டில் உத்தியோகம் பார்த்தவர். வேலைக்குப் போய் வந்த நேரம் போக மீதி நேரத்தில் ஆயிரக்கணக்கான கட்டுரைகளை அவர் எழுதினார். எழுத்தாளர் சுஜாதா, பெங்களூர் பி.இ.எல். நிறுவனத்தில் என்ஜினீயராக இருந்தவர். பிற்காலத்தில் 'அம்பலம்' என்ற இணைய இதழின் ஆசிரியராக இருந்தார்.

ஊரை விட்டு வந்தவனுக்குத்தான் மொழியின் அருமை தெரிகிறது போலும். சென்னையில் இருப்பவருக்குத் தெருவெல்லாம் தமிழ். வெளியூரில் இருப்பவர் தேடிப் போனால்தான் தமிழ்.

'கௌரவம்' எங்கே போயிற்று?

சரி, இந்தத் தொழிலில் தினசரி வேலை என்ன?

அடிப்படியில் இருப்பது தட்டச்சும் பிழை திருத்தமும். அதற்கு மேல் பக்கத்தை ஒழுங்கு செய்து, படமும் தலைப்பும் கொடுத்து, இணையதளத்தில் ஏற்றுகிறவர். அவருக்கும் மேலே, தளம் முழுவதற்கும் பொறுப்பான நிர்வாகி. தளம் இரவு பகல் எந்நேரமும் திறக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் நகல் வேறிடத்தில் பத்திரமாக இருக்க வேண்டும். திருடர்கள் புகாமல் பூட்டு போட வேண்டும். தளத்தின் பெயருக்கு உரிய கட்டணத்தைக் கெடு தவறாமல் கட்ட வேண்டும். மறந்தால் பெயரே வேறொருவர் கைக்குப் போய்விடும். ஆசிரியர் இறந்து அறுபது ஆண்டுகள் ஆகாத நூலை அனுமதியின்றி ஏற்றினால் வழக்கு வரும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

இதில் தமிழ் எங்கே வருகிறது என்று கேட்கலாம். ஒரே ஓர் உதாரணம் போதும். 'கௌரவம்' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். அதில் வருவது 'கௌ' என்ற ஓர் எழுத்து. ஆனால் பலர் 'கெ' அடித்து, பக்கத்தில் 'ள' அடித்து 'கெளரவம்' என்று விட்டுவிடுகிறார்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும். கம்ப்யூட்டருக்கு அவை வெவ்வேறு எண்கள். 'கௌரவம்' என்று தேடினால் அந்தக் கட்டுரை வராமல் போகலாம். துணைக்கால் போட வேண்டிய இடத்தில் 'ர' போடுவது இன்னொரு பிழை. திரையில் நன்றாகத் தெரியும், தேடினால் கிடைக்காது, கண் தெரியாதவர்களுக்காக அதை வாசித்துக் காட்டும் கருவி உளறும்.

தமிழ் தெரியாத என்ஜினீயர் இதைக் கண்டுபிடிக்க மாட்டார். கம்ப்யூட்டர் தெரியாத புலவரும் கண்டுபிடிக்க மாட்டார். இரண்டும் தெரிந்த ஆள் வேண்டும். பழைய எழுத்துருவில் கிடக்கும் பக்கங்களை யூனிகோடுக்கு மாற்றும்போது இப்படிப்பட்ட பிழைகள் ஏராளமாக வருகின்றன. இயந்திரம் முக்கால் வேலையைச் செய்யும். மீதியை மனிதர்தான் பார்க்க வேண்டும்.

பார்க்காமல் விட்டால் நஷ்டம் சிறியதல்ல. 'ஜியோசிட்டீஸ்' என்ற தளத்தில் உலகம் முழுவதும் சாதாரண மக்கள் இலவசமாகப் பக்கங்கள் வைத்திருந்தார்கள். 2009-ல் யாஹூ கம்பெனி அதை மூடியது. வேறிடத்தில் நகல் எடுத்து வைக்கப்படாதவை போனவைதான். 1981-ல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது உலகமே அறிந்தது. இணையத்தில் ஒரு நூலகம் அழிந்தால் புகை கூட வராது. அந்த எரிப்பின் வடு மறையாத இலங்கைத் தமிழர்கள், 2005-ல் 'நூலகம்' என்ற இணைய நூலகத்தைத் தொடங்கித் தங்கள் நூல்களையும் பத்திரிகைகளையும் ஏற்றி வருகிறார்கள்.

நுழைவது எப்படி?

பிளஸ் டூ முடித்தவர்கள் மத்திய அரசின் 'நைலிட்' அமைப்பு நடத்தும் 'ஓ லெவல்' தேர்வை எழுதலாம். படிப்புத் தகுதி எதுவும் கேட்கப்படாத 'சி.சி.சி.' என்ற ஆரம்பப் பயிற்சியும் அதே அமைப்பில் உண்டு. என்ஜினீயரிங் போன்ற பட்டம் பெற்றவர்கள் சி-டாக் நடத்தும் ஆறு மாத டிப்ளமோவுக்கு நுழைவுத் தேர்வு எழுதலாம். பூனாவிலேயே அதன் பயிற்சிப் பள்ளி இருப்பது நம் பிள்ளைகளுக்கு அனுகூலம்.

செலவில்லாத வழியும் ஒன்று உண்டு. 2003-ல் வெளியான 'வேர்ட்பிரஸ்' போன்ற இலவச மென்பொருளைக் கொண்டு ஒரு சிறு தளத்தைத் தானே அமைத்துப் பார்க்கலாம். தமிழ் விக்கிபீடியாவில் யாரும் திருத்தலாம், எழுதலாம். மதுரைத் திட்டத்துக்குப் பிழை திருத்திக் கொடுக்கலாம். வேலைக்கு ஆள் எடுப்பவரிடம் சர்டிபிகேட்டைக் காட்டுவதைவிட, "இந்தப் பக்கங்களை நான் செய்தேன்" என்று காட்டுவது பல சமயம் அதிகம் பேசும்.

எச்சரிக்கையும் தேவை. "வீட்டிலிருந்தே தட்டச்சு வேலை, மாதம் பல்லாயிரம் சம்பாதிக்கலாம், முதலில் டெபாசிட் கட்டுங்கள்" என்று வரும் விளம்பரங்களை நம்பக் கூடாது. வேலை கொடுப்பவர் பணம் கொடுப்பார், கேட்க மாட்டார். இந்தத் தொழிலின் அடிப்படியில் சம்பளம் குறைவு என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. வெறும் தட்டச்சோடு நின்றுவிட்டால் முன்னேற்றம் இல்லை. பிழை திருத்தத்திலிருந்து பக்க அமைப்பு, அதிலிருந்து தள நிர்வாகம் என்று படியேறினால்தான் குடும்பம் நடத்த முடியும்.

இயந்திரமே மொழிபெயர்க்கும் காலம் வந்துவிட்டதே என்று சிலர் கேட்கலாம். மத்திய அரசே 2022-ல் 'பாஷினி' என்ற மொழிபெயர்ப்புத் திட்டத்தைத் தொடங்கியிருக்கிறது. வெறுமனே அடித்துக் கொடுக்கும் வேலை இதனால் குறையலாம். ஆனால் இயந்திரம் எழுதிய தமிழ் சரியா தப்பா என்று பார்க்கத் தமிழ் தெரிந்த ஆள் வேண்டும். மராத்தி, இந்தி, இங்கிலீஷ், தமிழ் நான்கும் தெரிந்தவர்கள் சென்னையில் அபூர்வம். பூனாவில் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைக்கு முதல் மூன்றும் தெருவிலும் பள்ளியிலும் தாமாகவே வந்துவிடுகின்றன. நான்காவது மட்டும்தான் குறை. பேச வருகிறது, எழுதப் படிக்க வரவில்லை.

அந்தக் குறையைத் தீர்க்க வழி இருக்கிறது. தமிழ்நாட்டுக்கு வெளியே வாழும் தமிழர்களுக்காகவே தமிழக அரசு 2001-ல் தமிழ் இணையப் பல்கலைக்கழகத்தைத் தொடங்கியது. இன்று அது தமிழ் இணையக் கல்விக்கழகம். 'அ, ஆ'வில் தொடங்கும் மழலைக் கல்விப் பாடங்கள் அதன் தளத்தில் இருக்கின்றன. அதற்கு மேல் சான்றிதழ்ப் படிப்புகளும் உண்டு. கட்கியிலோ தேஹு ரோட்டிலோ இருந்துகொண்டே போனில் பார்க்கலாம்.

ஆனால் எல்லா வீட்டிலும் அதைவிடப் பக்கத்தில் ஒரு வாத்தியார் இருக்கிறார். ஷிப்ட் முடிந்து வந்து பத்திரிகை விரிக்கும் தகப்பனார்தான் அவர். தினம் ஒரு தலைப்பை மகனை எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்லலாம். பதிலுக்கு அவன் போனில் தமிழ் அடிக்கக் கற்றுக்கொடுக்கட்டும். பத்து நிமிஷ வேலை. தகப்பனாருக்கு ஊரிலிருக்கும் தங்கைக்குத் தன் கையாலேயே தமிழில் நாலு வரி அனுப்ப வரும். மகனுக்கு என்ன வரும் என்பதை, அவன் படித்து முடித்து வேலை தேடும் நாளில் இருவரும் தெரிந்துகொள்வார்கள்.